மலாக்காத் தோட்டங்களில் நீராவிக் காலம்

ஏழு ஊர்களின் பொதுவேலைக்காக ஓர் ஊரில் அமைத்த கொல்லுலைத் துருத்தியை, ஓய்வறியாமல் வருந்தும் நெஞ்சுக்கு உவமையாக்கினார் குறுந்தொகைப் புலவர் ஒருவர். அகப்பொருள் நயம் நாடுவோர் அவ்வுவமையில் தலைவியின் துயரைக் காண்பர். வரலாறு நாடுவோர் அதில் இன்னொரு செய்தியையும் காண்பர். அக்காலத்துக் கொல்லன் ஓர் ஊருக்கு மட்டும் உரியவன் அல்லன். அவன் உலை பலருக்கும் பொது. ஏர்க்கொழுவும் அரிவாளும் வேலும் அந்த ஒரே நெருப்பில் பிறந்தன. ஏழூர் மக்களும் கூடும் இடமாக அப்பட்டறை இருந்திருத்தல் வேண்டும்.

தமிழ் இலக்கியத்தில் பொறிகளுக்குக் குறைவில்லை. கரும்பு பிழியும் எந்திரம் சங்கப் பாடல்களிலேயே வருகிறது. மதுரை மதில்மேல் நின்ற போர்ப்பொறிகளைச் சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை அடுக்கிச் சொல்கிறது. உதயணனைச் சிறைப்பிடிக்க உதவிய எந்திர யானையைப் பெருங்கதையும், விசயையைச் சுமந்து வானிற் பறந்த மயிற்பொறியைச் சீவக சிந்தாமணியும் பாடின. இவற்றை மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது ஆசிரியர்கள் பெருமிதம் கொள்வது இயல்பே. ஆனால் ஏட்டில் கண்ட பொறிக்குத் தரும் மதிப்பை, அண்மைக் காலத்தில் தமிழர் தம் கையாலேயே இயக்கிய பொறிகளுக்குத் தமிழுலகம் தந்ததில்லை. மலாயாத் தமிழர் வரலாறு பெரும்பாலும் பால் வெட்டும் கத்தியின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. அது மெய்யே, ஆயினும் பாதி மெய். மறு பாதி உலையடியிலும் உருளையடியிலும் நின்றவர்களின் வரலாறு.

பெயர் கூறும் செய்தி

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் உள்ளது பெம்பான். பெம்பான் என்பது மலாய் மொழியில் ஒரு செடியின் பெயருமாகும். அதன் தண்டைப் பிளந்து கூடையும் பாயும் முடைவர். கைத்தொழிலுக்குரிய ஒரு பெயர் அவ்வட்டாரத்துக்கு வாய்த்திருப்பது பொருத்தமே.

மலாக்கா நகரிலும் தொழிலின் பெயர் தெருக்களில் நிலைத்திருக்கிறது. பொற்கொல்லர் தெரு எனப் பொருள்படும் ஜாலான் துக்காங் எமாஸ், கொல்லர் தெரு எனப் பொருள்படும் ஜாலான் துக்காங் பெசி ஆகிய தெருக்கள் அங்கு உள்ளன. பொற்கொல்லர் தெருவில்தான் மலாக்காச் செட்டிகள் 1781-இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் நிற்கிறது. தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழர் வழிபாடும் கைவினையும் அந்நகரில் அண்டை வீடுகளாய் இருந்தன என்பதற்கு அத்தெருவே சான்று.

தோட்டக் காலம் தொடங்கியதும் மலாக்கா மண்ணிலேதான். 1877-இல் ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அங்குத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, ரப்பர் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை வற்புறுத்திவந்தார். அவர் சொல்லுக்குச் செவிசாய்த்தவர் மலாக்காச் சீனரான தான் சாய் யான். அவர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். சில ஆண்டுகளில் ஜாசின் மாவட்டத்துப் புக்கிட் அசகானில் சுமார் 3,000 ஏக்கர் ரப்பர்க் காடாயிற்று. மலாயாவின் வணிகமுறை ரப்பர்த் தொழிலுக்கு இவையே தொடக்கம். அதற்கு முன் மலாக்காவின் பெரும்பயிர் மரவள்ளி.

நீராவியோடு வந்தவர்

மலாயாத் தமிழர் வாழ்வில் நீராவி முதலில் கப்பலாக வந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்கள் நீராவிக் கப்பலின் மேல்தளத்தில் கடல் கடந்தனர். 1926-இல் வெள்ளோட்டம் கண்ட ‘ரஜூலா’ 1973 வரை அவ்வழியில் ஓடியது. அதன் பெயரை அறியாத பழந்தமிழ்க் குடும்பம் மலாயாவில் அரிது.

கரையேறியபின் அவர்களை எதிர்கொண்டது புகைவண்டி. மலாயாவின் முதல் இருப்புப் பாதை 1885-இல் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதன் நீளம் 8 கல். அதை அமைத்ததில் இலங்கையிலிருந்து வந்த முன்னோடித் தொழிற்படைக்குப் பெரும்பங்கு உண்டு. பின்னர்ப் பாதைகள் பெருகப் பெருக, யாழ்ப்பாணத் தமிழர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தனர். தமிழகத்திலிருந்து வந்தவர்கள் கட்டை பரப்பித் தண்டவாளம் தூக்கினர், கரி அள்ளினர், கோலாலம்பூர்ச் செந்தூல் பட்டறையில் இஞ்சினைப் பழுதுபார்த்தனர். தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு வந்த சுமார் 21 கல் நீளக் கிளைப்பாதை 1905-இல் திறக்கப்பட்டது. ரப்பர் துறைமுகம் நோக்கிச் செல்லவும், உலகத்துச் செய்தி தோட்டம் நோக்கி வரவும் அப்பாதை உதவிற்று.

ஸ்டோர் என்னும் பட்டறை

தோட்டத்தில் ரப்பர்ப் பால் சேரும் ஆலையைத் தமிழர் ‘ஸ்டோர்’ என்றே அழைத்தனர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரத்துக்கு மரம் ஓடி, மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் கொண்டுவந்து கொட்டுவதோடு பால்வெட்டுத் தொழிலாளியின் காலைவேலை முடியும். ஸ்டோரின் வேலை அப்போதுதான் தொடங்கும்.

பாலில் நீர் சேர்த்து, வடிகட்டி, தொட்டியில் ஊற்றி, அளவாக அமிலம் கலந்தால் அது உறைந்து கட்டியாகும். கட்டியை உருளைகளின் இடையே செலுத்தி நீரைப் பிழிந்தால் தகடாகும். கடைசி உருளையின் வரிப்பள்ளம் தகட்டில் வரிவரியாகப் பதியும். வரி பதிந்த தகடு விரைவில் உலரும். பின்னர்ப் புகைவீட்டில் மூங்கிற்கழிகளில் தொங்கவிட்டு நான்கைந்து நாள் புகையூட்டுவர். சிறு தோட்டங்களில் உருளையைக் கையால் சுற்றினர். பெருந்தோட்டங்களிலோ நீராவி இஞ்சினோ எண்ணெய் இஞ்சினோ அவ்வேலையைச் செய்தது. கூரையடியில் நீண்ட இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து தோல்வார்கள் இறங்கி ஒவ்வோர் உருளையையும் சுற்றவைக்கும். ‘கிரேப்’ வகை ரப்பருக்கு இரண்டு உருளைகள் வெவ்வேறு விரைவில் சுழலவேண்டும். அப்போதுதான் ரப்பர் கிழிபட்டு, நீரில் அலசப்பட்டுத் தூய்மையாகும்.

இங்கு நின்றவர்களின் அறிவு எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். புகைவீட்டில் வெப்பம் ஏறத்தாழ 50 முதல் 60 பாகைக்குள் நிற்கவேண்டும். கூடினால் தகட்டில் கொப்புளம் எழும். குறைந்தால் பூஞ்சணம் பூக்கும். இரவெல்லாம் விறகை ஏற்றியும் இறக்கியும் அந்த அளவைக் காத்தவர் தீ மூட்டுபவர். கொதிகலத்தின் நீர்மட்டக் கண்ணாடியில் ஒரு கண்ணும், அழுத்தமானியில் ஒரு கண்ணுமாய் இருந்தவர் இஞ்சின்காரர். நீர் குறைந்தால் கலம் வெடிக்கும். உப்புப் படிந்தால் விறகு வீணாகும். தண்டு தாங்கியில் சூடு ஏறுவதைப் புறங்கை வைத்தே அறிவர். வார் தளர்ந்ததை ஓசை கேட்டே சொல்வர். உருளையில் அகப்பட்டால் விரல் போகும் என்பதும் அவர்கள் நாள்தோறும் அறிந்திருந்த உண்மை. பள்ளிக்கூடம் இவ்வறிவைப் புகட்டவில்லை. மூத்தவர் பக்கத்தில் நின்று, திட்டு வாங்கி, எண்ணெய்த்துணி பிடித்து, இளையவர் கற்றனர்.

சொற்களும் அப்பட்டறையில் கலந்தே புழங்கின. இஞ்சின், பாய்லர், வால்வு, பிட்டர் ஆகியவை ஆங்கிலத்திலிருந்து வந்தன. மங்கு மலாயிலிருந்து வந்தது. ஆனால் சம்மட்டி, குறடு, அரம், சாணை, திருகு, மரை, கடைசல், துருத்தி ஆகிய பழஞ்சொற்கள் ஊர்க்கொல்லன் வாயிலிருந்த படியே கடல்கடந்து, நீராவிப் பொறியின் அருகில் வந்து நின்றன. அறிவியல் தமிழுக்குச் சொல் தேடுவோர் அகராதிகளைப் புரட்டுமுன் பட்டறைகளைக் கேட்டிருக்கலாம்.

நூலும் கருவியும் ஒரே வரிசையில்

இத்தொழிலாளர் கூடிய பெருநாள் ஆயுதபூசை. ஆண்டு முழுதும் ஓயாத பொறிக்கு அன்று ஓய்வு. முதல்நாளே வேலை தொடங்கிவிடும். இஞ்சினை எண்ணெய்ப் பஞ்சால் துடைப்பர். பித்தளைக் குழாய்களைப் புளியிட்டுத் தேய்ப்பர். துருவேறிய குறடும் சம்மட்டியும் அன்று மின்னும். மாவிலைத் தோரணமும் வாழைக்கன்றும் ஸ்டோரின் வாயிலில் ஏறும். சந்தனமும் குங்குமமும் கொதிகலத்தின் நெற்றியில் துலங்கும். பொரி, கடலை, சுண்டல் படைத்துப் பூசனிக்காய் உடைப்பர். தோட்டத்துரையும் அழைக்கப்படுவதுண்டு. பால்வெட்டும் பெண்களின் கத்தியும், தச்சனின் உளியும், லாரிக்காரரின் திருப்புளியும் ஒரே பலகையில் அமரும். பட்டறைக்காரர்கள் தாம் அவ்வாண்டில் செய்த சீர்திருத்தங்களைப் பிறர்க்குக் காட்டுதற்கும், அண்டைத் தோட்டத்தார் வந்து பார்த்துப் போதற்கும் அதுவே வாய்ப்பான நாள்.

அதே நாளில் தோட்டப் பள்ளியில் கலைமகள் பூசை. பிள்ளைகளின் ஏடும் எழுதுகோலும் அங்கே அடுக்கப்படும். புத்தகத்தையும் குறட்டையும் ஒரே நாளில் ஒரே பொட்டிட்டு வணங்கும் வழக்கத்தில் ஒரு கருத்து அடங்கியிருக்கிறது. கையறிவும் நூலறிவும் உடன்பிறந்தவை என்பதே அது. தமிழர் அக்கருத்தை ஆண்டில் ஒருநாள் போற்றி, மற்ற நாட்களில் மறந்தனர் எனலாம்.

கோயில் திருவிழாவும் இக்கைகளுக்கு வேலை தந்தது. தேர்ச்சக்கரத்துக்கு அச்சாணி அடித்தவரும், காவடிக்கு வளையம் வளைத்தவரும் பட்டறைக்காரரே. மலாக்காவில் மாசிமகத்தன்று செங்கில் உள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வெள்ளிரதம் புறப்படும்போது, அதனைச் சூழ்ந்து செல்லும் காவடிகளைக் காண்பவர்கள், பக்தியோடு தொழில்நுட்பத்தையும் காணலாம். சுமப்பவன் உடலுக்கு ஏற்பப் பாரத்தைப் பகிர்ந்து, அசைவுக்கு ஏற்ப மயிற்பீலி ஆடுமாறு அமைப்பது எளிய செயல் அன்று. சிந்தாமணியின் மயிற்பொறி பறந்தது கற்பனையில். காவடியின் மயில் ஆடுவது கண்முன்னே.

மேலைநாடுகளில் அண்மைக் காலத்தில் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. விக்டோரியா அரசியார் காலத்து உடை உடுத்து, பித்தளைச் சக்கரமும் குழாயும் கொண்டு விந்தைப் பொறிகள் செய்து, ஆண்டுதோறும் பலர் கூடுகின்றனர். இதற்கு ‘ஸ்டீம்பங்க்’ என்பது பெயர். 1987-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜீட்டர் வழங்கிய சொல் இது. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன், ஆங்கில எழுத்தாளர் வெல்ஸ் ஆகியோரின் கதைகளே அவர்களுக்கு ஊற்று. நியூசிலாந்தின் ஓமாரு நகரம் இக்கலைக்குத் தலைநகரம் எனத் தன்னை அழைத்துக்கொள்கிறது. முன்பின் அறியாதவர்கள் கருவியின் மீதுள்ள காதலால் ஒன்றுகூடுவது பாராட்டத்தக்கதே. ஆயினும் அவர்கள் நினைவுகூரும் நீராவிக் காலத்தில் கனவான்களும் கண்டுபிடிப்பாளரும் மிகுதி, கரியள்ளியவர் குறைவு. மலாக்காத் தோட்டங்களின் நீராவிக் காலம் கனவன்று. உழைத்து வாழ்ந்த வாழ்வு. அதனை நினைவுகூரத்தான் கூட்டம் இல்லை.

கழற்றிப் பார்க்கும் உரிமை

இத்துணைத் திறம் இருந்தும் அத்தோட்டங்களில் கண்டுபிடிப்பாளர் ஏன் புகழ்பெறவில்லை என்னும் வினா எழும். விடைக்குக் கோவையை நோக்கலாம். அங்கு ஜி. டி. நாயுடு (1893–1974) பள்ளிப்படிப்பு மிகுதியும் இல்லாதவர். ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கி, அதனை அக்கக்காய்க் கழற்றி மீண்டும் பூட்டியே பொறியியல் பயின்றார் என்பர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்து ஓட்டித் தொடங்கிய அவர், பின்னாளில் மின்சார மோட்டார், சவரக்கருவி முதலியவற்றை ஆக்கி உலகோர் கவனத்தைக் கவர்ந்தார்.

கோவைக்காரர் கழற்றியது தம் சொந்தப் பொறி. தோட்டத்து இஞ்சின்காரர் முன் நின்றதோ கம்பெனியின் பொறி. அதனை ஓட்டலாம், துடைக்கலாம், பழுது நீக்கலாம். தம் விருப்பப்படி பிரித்து மாற்றியமைக்க உரிமை இல்லை. அவர் செய்த சிறு திருத்தம் பயன் தந்தால் அது தோட்டக் கணக்கில் சேரும்; அவர் பெயரில் சேராது. தோட்டப் பள்ளியோ தொடக்கக் கல்வியோடு நின்றது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி அமைக்க வகைசெய்தது; ஆனால் அப்பள்ளியிலிருந்து தொழிற்கல்விக்கு ஏறும் படி கட்டப்படவில்லை. குறை கையில் இல்லை, படியில்தான் இருந்தது.

பெயர்த்தெடுத்த தண்டவாளம்

1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பானியர் வசமாயிற்று. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை அமைக்க அவர்கள் முனைந்தனர். அதற்கு இரும்பும் வேண்டும், ஆளும் வேண்டும். மலாக்காக் கிளைப்பாதையின் தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டுச் சயாமுக்குச் சென்றது. மலாயாத் தோட்டங்களின் தமிழரும் அவ்வாறே பெயர்த்தெடுக்கப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றோர் தொகை 70,000-க்கும் மேல். அவருள் பெரும்பாலோர் தமிழர். நோயும் பசியும் அடியும் பல்லாயிரவரைக் கொன்றன. 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. தோட்டத்து மண்ணில் தமிழர் கை தாங்கிய தண்டவாளமும், அதனைத் தாங்கிய கைகளும் ஒரே காட்டில் சென்று கிடந்தன. வெறும் தொகையாக எண்ணப்பட்ட அம்மக்களை மனிதராக நினைவில் நிறுத்தியவை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள். மலாக்கா நகருக்குப் புகைவண்டி அதன்பின் திரும்பவேயில்லை.

எஞ்சியிருந்தவர்க்கும் அது பஞ்சகாலம். ரப்பரை வாங்குவார் இல்லை, அரிசி இல்லை, மாற்று உறுப்புகள் இல்லை. அன்று மலாயாவில் கைத்தொழில் வேறு வழியின்றிச் செழித்தது. ரப்பரைக் காய்ச்சி வடித்து எரிநெய் எடுத்தனர். கரியை எரித்து எழும் வாயுவால் லாரியை ஓட்டினர். பனை எண்ணெயும் சாம்பற்காரமும் சேர்த்துச் சோப்புச் செய்தனர். பழைய டயரை அறுத்துச் செருப்பாக்கினர். ரப்பருக்கு இடம்விட்டு அகன்ற மரவள்ளி, உயிர்காக்கும் உணவாய் மீண்டும் மலாக்கா மண்ணில் முளைத்தது. இவற்றைச் செய்தவர்க்குப் பட்டயம் கிடைக்கவில்லை, உயிர் மிஞ்சியது.

அணைந்த உலையும் அணையாத உலையும்

போருக்குப்பின் மாற்றம் விரைந்தது. 1957-இல் டீசல் இஞ்சின்கள் மலாயாவின் நெடும்பாதைகளில் ஓடத் தொடங்கின. 1970-களில் நீராவி இஞ்சின்கள் ஓய்ந்தன. தோட்டங்களில் துண்டாடல் வந்தது. 1965-இல் தரநிர்ணயம் செய்த கட்டி ரப்பர் முறை அறிமுகமானதும், பாலும் ஒட்டுப்பாலும் மைய ஆலைகளை நோக்கிச் சென்றன. புகைவீடுகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை எழுந்தது. லயங்கள் காலியாயின, குடும்பங்கள் நகரங்களை நாடின. ஸ்டோர் இருந்த இடத்தில் புல் மூடிய அடித்தளமே எஞ்சும் தோட்டங்கள் பல.

ஆயினும் நீராவி அடியோடு மறைந்துவிட்டது என எண்ணுவது பிழை. செம்பனை ஆலைக்குள் நுழைபவர் அதனை இன்றும் காண்பர். பழக்குலைகளை முதலில் அவிப்பது நீராவியே. அக்கொதிகலத்துக்கு விறகாவது, எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் நாரும் ஓடும். அந்நீராவியே சுழலியை ஓட்டி ஆலைக்கு மின்சாரமும் தருகிறது. இன்று அக்கலத்தை இயக்குபவர் அதற்குரிய சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். முன்னோர்க்கு இல்லாத படி, பேரர்க்கு இன்று கட்டப்பட்டிருக்கிறது.

அதில் ஏறும் இளைஞனுக்குத் தன் பாட்டனும் கொதிகலத்தின் அருகில் நின்றவன் என்பது தெரியுமா? தெரிந்தால் பட்டறை அவனுக்குப் புதிய இடமாகத் தோன்றாது. பழைய வீடாகத் தோன்றும். தெரிவிப்பதற்குரிய சான்றுகளோ நாள்தோறும் தேய்கின்றன. துருப்பிடித்த உருளை பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. இஞ்சின் பக்கத்தில் நின்ற நிழற்படம் சுவரிலிருந்து இறங்குகிறது. வார் தளர்ந்ததை ஓசையால் அறிந்த முதியவர் அவ்வோசையைத் தம்மோடு கொண்டு போகிறார்.

தமிழாசிரியர்கள் இதனைத் தடுக்கும் நிலையில் உள்ளனர். ஆயுதபூசைக்கு முந்திய வாரத்தில், ஒவ்வொரு மாணவனும் தன் வீட்டு முதியவரிடம் ஒரு கருவியின் பெயரையும், அதன் பயனையும், அதனை யாரிடம் கற்றார் என்பதையும் கேட்டெழுதி வந்தால் போதும். பத்தாண்டில் ஒரு பள்ளி ஒரு சொற்களஞ்சியத்தையே ஆக்கிவிடும். குறுந்தொகையின் துருத்தியை இரண்டாயிரம் ஆண்டு வாழவைத்தது ஒரு புலவரின் ஒற்றை உவமை. மலாக்காத் தோட்டத்துத் துருத்தி அத்தகைய புலவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாணவனின் குறிப்பேடே அதற்குப் போதும்.